ஆடு புலி ஆட்டம்: உங்க வீட்டு ரூல்ஸ் என்ன? முதல் ஆட்டை வைக்கும் முன் பேசிக்கொள்ள வேண்டியவை

ஆடு புலி ஆட்டம் தெரியுமா என்று கேட்டால், நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் "ஓ, தெரியுமே" என்பார்கள். அப்படிச் சொன்ன இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவர் கும்பகோணம் பக்கம், இன்னொருவர் மன்னார்குடி பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷத்துக்குள் "எங்க ஊர்ல அப்படி கிடையாது" என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. கோடை விடுமுறை, பாட்டி வீட்டுத் திண்ணை, கரித்துண்டால் போட்ட கட்டம், எதிரே அத்தை மகள். என் புலியை விட அவள் புலி ஒரு படி மேலே. ஒரே மூச்சில் தாவித் தாவி மூன்று ஆடுகளைத் தூக்கிவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு முறைக்கு ஒரு ஆடுதான். "அழுகுணி" என்றாள். நான் கட்டத்தைக் காலால் அழித்துவிட்டேன். அந்த லீவு முழுக்க அப்புறம் ஆடவே இல்லை.

இப்போது யோசித்தால், இரண்டு பேரும் ஏமாற்றவில்லை. இரண்டும் இரண்டு வேறு ஆட்டங்கள். அட்டைப் பலகையும் பிளாஸ்டிக் காயுமாக இந்த விளையாட்டு இப்போது கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. உள்ளே நாலு வரியில் ஒரு விதித்தாள். பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு "பாட்டி, நீங்க ஆடுறது தப்பு" என்கிறார்கள். பாட்டி எழுந்து போய்விடுகிறார். அதனால் எந்த விதி எங்கே மாறும், மாறினால் யார் கை ஓங்கும் என்று ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

முதலில் கட்டம்

ஒரு பெரிய முக்கோணம் போடுங்கள். உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு உள்ளே இன்னும் இரண்டு கோடு இழுங்கள். ஆக, உச்சியிலிருந்து இறங்குவது நாலு கோடு. குறுக்கே மூன்று கோடு, முக்கோணத்தின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி. நீட்டிய நுனிகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் சேருங்கள், வலப்பக்கமும் அதே மாதிரி. அவ்வளவுதான்.

கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் காய் நிற்கும் புள்ளி. உச்சியில் 1, மூன்று குறுக்கு வரிகளிலும் தலா 6, அடிவரியில் 4. மொத்தம் 23. புலிக்கு 3 பெரிய கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. எல்லாம் இறங்கிய பிறகு காலியாக இருப்பது வெறும் 5 புள்ளி. இந்த ஐந்துக்குத்தான் மொத்த சண்டையும்.

பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுவான விதி இது. ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டைக் காலிப் புள்ளியில் வைப்பார். புலிக்காரர் பதிலுக்கு ஒரு புலியை நகர்த்துவார். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி விழுந்து ஆட்டை எடுத்துவிடும். 15 ஆடும் இறங்கும்வரை வைத்த ஆடுகள் நகரக் கூடாது. அதன் பிறகு ஆடுகளும் ஒரு புள்ளி ஒரு புள்ளியாக நகரலாம், ஆனால் தாண்ட முடியாது. மூன்று புலிகளும் அசைய முடியாமல் கட்டுப்பட்டால் ஆட்டுக்கு வெற்றி.

எல்லா மூலையும் ஒன்றல்ல

விதிகளைப் பற்றிப் பேசும் முன் கட்டத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஒரு ஆட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் புள்ளி இருக்கணும். கோடு முடிகிற இடத்தில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தாண்ட முடியாது. அப்படிப்பட்ட இடங்கள் ஏழு: உச்சி, முதல் குறுக்கு வரியின் இரண்டு நுனி, மூன்றாம் குறுக்கு வரியின் இரண்டு நுனி, அடிவரியின் இரண்டு முனை. உச்சியில் வழக்கமாகப் புலி உட்கார்ந்திருக்கும். அதனால் முதல் ஆறு ஆடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மற்ற ஆறு இடங்களில் வைக்கலாம். 'முதல் ரெண்டு மூணு ஆடு போனாத்தான் ஆட்டம் சூடுபிடிக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது சும்மா.

இரண்டாம் வரியின் நுனி ஆபத்தானது. மேலிருந்து கீழே போகும் பக்கக் கோட்டில் அது நடுவில் நிற்கிறது. ஆனால் மேல் நுனியிலோ கீழ் நுனியிலோ உங்கள் ஆடு ஏற்கெனவே இருந்தால் புலிக்குத் தாவ வழியில்லை. அடிவரியின் நடுப்புள்ளிகள் இரண்டுக்கும் இதே கணக்குதான். இப்படி வெளியிலிருந்து உள்ளே, கீழிருந்து மேலே என்று வரப்பு கட்டுகிற மாதிரி அடைத்துக்கொண்டே வந்தால், மூன்றாம் குறுக்கு வரி முழுவதும்கூடப் பத்திரமாகிவிடும். புலி சும்மா மேலேயே சுற்றிக்கொண்டிருந்தால் 15 ஆட்டையும் ஒன்றுகூட இழக்காமல் இறக்கிவிடலாம். நீங்களே கல்லை வைத்துப் பாருங்கள்.

ஆக, புலிக்காரர் செய்யும் பெரிய தப்பு உச்சியில் உட்கார்ந்து ஆடு வரட்டும் என்று காத்திருப்பது. ஆடு இறங்க ஆரம்பித்த உடனேயே ஒரு புலியாவது கீழே இறங்கி வரப்பைக் கட்ட விடாமல் மூன்றாம் வரி நடுவில் நிற்க வேண்டும்.

ஆனால் மூலைக்குள் மட்டும் போகக் கூடாது. எண்ணிப் பாருங்கள்: முதல் வரி நுனியில் நிற்கும் புலியைக் கட்ட நாலு ஆடு போதும். பக்கத்தில் இரண்டு, அதற்குப் பின்னால் ஆளுக்கு ஒன்று. உச்சியில் நிற்கும் புலியைக் கட்ட எட்டு ஆடு வேணும். இதே மாதிரி இரண்டாம் வரியின் நடுவில் நிற்கும் புலிக்கும் எட்டு. உச்சிக்கு இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை.

சண்டை வரும் இடங்கள்

முதல் சண்டை, என் அத்தை மகளோடு வந்ததுதான். ஒரு முறைக்கு ஒரு ஆடா, தாவ முடிகிறவரை தாவலாமா? தொடர் வெட்டு இருந்தால் ஆட்டுக்காரரின் கவனம் இரண்டு மடங்காக வேண்டும். ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியை இழுக்கும் உத்தி கிட்டத்தட்ட செத்துவிடும். விழுந்த இடத்திலிருந்து அது அடுத்ததையும் தூக்கும். குழந்தைகளுக்கு இது பிடிக்கும், ஆட்டம் சீக்கிரம் முடியும். ஒரு வெட்டு மட்டும் என்றால் ஆட்டம் நிதானமாகும், ஆடுகள் கூட்டாக யோசிக்க இடம் கிடைக்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அது என் வீட்டுப் பழக்கம் என்பதால் சொல்கிறேனோ என்னவோ.

அடுத்தது, வெட்ட முடிந்தால் வெட்டியே ஆகணுமா? கேட்கும்போது புலிக்குச் சாதகமான விதி மாதிரி தோன்றும். உண்மையில் இது ஆட்டுக்குக் கிடைத்த வரம். புலி கட்டாயம் வெட்டணும் என்றால், ஓர் ஆட்டைத் தூண்டிலில் புழு மாதிரி வைத்து, புலியை நீங்கள் நினைத்த மூலைக்குக் கொண்டுவந்து விடலாம். அங்கே நாலு ஆடு காத்திருக்கும். கட்டாயம் இல்லை என்றால் தூண்டிலைப் பார்த்துப் புலி சிரித்துவிட்டு நகர்ந்துவிடும்.

மூன்றாவது, எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? ஐந்து என்பவர்கள் உண்டு, பத்து என்பவர்கள் உண்டு, கடைசி ஆடுவரை என்பவர்களும் உண்டு. 'அஞ்சு போச்சுன்னா மிச்சம் பத்து ஆட்டை வெச்சு மூணு புலியைக் கட்டவா முடியும்?' என்பது ஐந்து கட்சியின் வாதம். முடியும். இடப்பக்கம் முதல் வரி நுனியில் ஒரு புலி, அதே பக்கம் மூன்றாம் வரி நுனியில் ஒன்று, அடிவரியின் இடது முனையில் ஒன்று என்று வையுங்கள். முதல் வரியில் நுனிக்கு அடுத்த இரண்டு புள்ளி, மூன்றாம் வரியிலும் அதே மாதிரி இரண்டு, இரண்டாம் வரியின் நுனியும் அதற்கு அடுத்ததும், அடிவரியின் நடுப்புள்ளிகள் இரண்டும். இந்த எட்டு இடத்தில் ஆடு நின்றால் மூன்று புலியும் அசையாது. புத்தியுள்ள புலிக்காரர் மூன்றையும் அங்கே கொண்டுபோய் விடமாட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் எட்டு ஆடு மிச்சமிருக்கிற வரை ஆட்டுக்காரர் எழுந்து போக வேண்டியதில்லை. நேரம் இல்லாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஐந்து சரி. திண்ணையும் மதியமும் இருக்கிறவர்கள் எட்டு வெட்டுவரை போகலாம்.

நாலாவது சண்டை எல்லோரும் மறந்துபோவது. எல்லா ஆடும் இறங்கிய பிறகு ஆட்டுக்காரர் 'நான் நகர்த்தலை, நீ ஆடு' என்று சொல்லலாமா? கூடாது என்பதுதான் என் வீட்டிலும் நான் ஆடிய மற்ற இடங்களிலும் வழக்கம். இது சின்ன விஷயம் இல்லை. நான் மேலே சொன்ன வரப்பைக் கட்டி முடித்துவிட்டு ஆடுகள் அப்படியே நின்றுவிட்டால் புலிக்கு ஒரு வேலையும் இல்லை. நகர்ந்தே ஆகணும் என்பதால்தான் வரப்பு எங்கேயோ ஓரிடத்தில் பிரியும், புலிக்கு வாய் திறக்கும். இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை.

புலிகள் எங்கிருந்து தொடங்கும் என்பதிலும் பேதம் உண்டு. ஒன்று உச்சியிலும் இரண்டு அதற்குக் கீழே முதல் வரியின் நடுவிலும் என்பது நான் அதிகம் பார்த்தது. சிலர் புலிகளையும் ஆடு மாதிரி ஒவ்வொன்றாக இறக்குவார்கள். அப்படி ஆடும்போது புலி முதலிலேயே கீழ்வரிகளைப் பிடித்துவிட முடிகிறது, ஆட்டுக்காரர் கொஞ்சம் திணறுவார்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை

ஒரு பக்கம் சில பலசாலிகள், இன்னொரு பக்கம் ஏகப்பட்ட சாதுக்கள். இப்படிச் சமமில்லாத இரண்டு படைகள் மோதும் ஆட்டம் எங்கே இருந்தாலும் 'எத்தனைக்கு எத்தனை' என்ற கேள்வி கூடவே வரும். ஐரோப்பாவில் நரியும் வாத்துகளும் என்று ஓர் ஆட்டம் உண்டு. ஒரு நரிக்கு எதிரே 13 வாத்து. சில இடங்களில் அது 15 ஆனது, சில இடங்களில் 17. வாத்து கூடக் கூட அதன் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடும் போட்டார்கள். நேபாளத்தின் பாக்சால் நம் ஆட்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு, ஐந்து ஆடு போனால் புலிக்கு வெற்றி. ஓர் ஆடும் சாகாமல் எல்லாம் இறங்கினால் அங்கே காலி இடம் ஒன்றே ஒன்றுதான்! அந்த ஆட்டத்தைக் கணினி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் சமனில்தான் முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். முன்பு வந்த நிலைக்கே ஆடுகளைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. நம் வீடுகளில் 'இதே இடத்துக்கு மூணு தடவை வந்தாச்சு' என்று சண்டை வந்தால் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இதே எலும்புக்கூட்டில் விஞ்ஞானக் கதை ஒன்றைப் போர்த்தியவர் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன். 1977-ல் வந்த அவருடைய 'ஓகர்' ஒரு மலிவான, சின்ன ஆட்டம். ஆள் இல்லாமல் தானே யோசித்துப் போரிடும் ராட்சத டாங்க் ஒன்று ஒரு பக்கம். அது கட்டளை மையத்தை வந்து அடிக்காமல் தடுக்கச் சின்ன டாங்க், பீரங்கி, காலாட்படை, தரையைத் தொடாமல் மிதந்து பாயும் வண்டி எல்லாம் இன்னொரு பக்கம். ஒரே ஒரு புலி, நிறைய ஆடு! தற்காப்புப் படையை எப்படிப் பிரித்து எடுப்பது என்பது ஆடுகிறவர் விருப்பம். அதனால் 'மிதவை வண்டிகளை மட்டுமே எடுத்தால் என்ன' என்று ரசிகர்கள் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

நம் புலிக்கும் அந்த டாங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஓகரின் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகப் போகும், சக்கரப் பட்டை அடிபட அடிபட வேகம் குறையும். நம் புலிக்குக் காயமே படாது. முதல் நிமிஷத்தில் இருந்த அதே பலத்தோடுதான் கடைசி நிமிஷத்திலும் நிற்கும். ஆடுகள் அதை அடிப்பதில்லை, இடம் இல்லாமல் செய்கின்றன. எனக்கு நம்முடையதுதான் அழகாகத் தெரிகிறது.

அந்த ரசிகர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. விதியை மாற்றினால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பக்கம் மாறி இரண்டு ஆட்டம் ஆடிப் பார்ப்பது. புலியாக நீங்கள் ஜெயித்ததை வைத்து விதி சரியா என்று சொல்ல முடியாது. அதே விதியில் ஆடாகவும் உட்கார்ந்து பார்க்கணும்.

எந்த ரூல் பழசு?

தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபங்களில் கல்தரையில் இந்த மாதிரி கட்டங்கள் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் ஆயிரம் வருஷம் என்பதற்காகக் கட்டமும் ஆயிரம் வருஷம் என்று சொல்லிவிட முடியாது. போன தலைமுறையில் யாரோ மதிய வெயிலுக்கு ஒதுங்கியபோது கீறியதாகவும் இருக்கலாம். கல்லில் கோடுதான் இருக்கும், விதி இருக்காது. அது ஆடுகிறவர் வாயில்தான் இருந்தது. அதனால் 'இதுதான் ஒரிஜினல்' என்று யார் சொன்னாலும், விதித்தாளே சொன்னாலும், கொஞ்சம் சிரித்துவிட்டு நகரலாம்.

டெல்டாவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு பருவம் இருந்தது. சம்பா அறுத்து முடித்து, ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறவரை வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. வயலில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கையில் வேலையில்லாத மதியங்கள். ஆடு கண்ணெதிரே நிறைய. புலியை மட்டும் சமவெளியில் யாரும் பார்த்ததில்லை, சோழர் கொடியில் இருந்ததைத் தவிர!

பிள்ளைகளோடு ஆடும்போது

முதலில் குழந்தைக்குப் புலியைக் கொடுங்கள். மூன்று காயைக் கவனித்தால் போதும், வெட்டும் சந்தோஷமும் இருக்கும். நீங்கள் ஆட்டை வைத்துக்கொண்டு 15-க்குப் பதில் 12 ஆட்டோடு ஆடலாம். காலி இடம் எட்டாகிவிடும், புலி ஓட வசதி. நாலைந்து ஆட்டம் ஜெயித்ததும் 13, 14 என்று ஏற்றுங்கள். அப்புறம் பக்கம் மாறும்போது, முதல் ஆறு பத்திரமான இடங்களைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தானே கண்டுபிடிக்கட்டும், அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே.

வீட்டில் பலகை இருந்தால் அதன் பின்பக்கம் உங்கள் வீட்டு விதியைப் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். எத்தனை வெட்டு, கட்டாயமா இல்லையா, எத்தனை ஆடு போனால் முடிவு, புலி எங்கிருந்து கிளம்பும். நாலு வரிதான். வருகிற விருந்தாளி தன் விதியை அதன் கீழே எழுதட்டும்.

போன பொங்கலுக்கு அத்தை மகள் வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்தாச்சு. டைல்ஸ் தரையில் சாக்பீஸ் பிடிக்கவில்லை, பழைய காலண்டர் அட்டையின் பின்னால் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டோம். அவள் இஷ்டப்படி தொடர் வெட்டு. அதற்கு ஈடாக நான் கேட்டது இரண்டு ஆடு கூடுதல், 17. காலி இடம் மூன்றே மூன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் போச்சு, காபி ஆறிப்போச்சு.

அந்த ஆட்டத்தையும் அவள்தான் ஜெயித்தாள்.